மான் எங்கே, நாரை எப்போது?

வாசகர் கேள்வி – பதில்

நெல்லையைச் சுற்றியுள்ள காடு, குளம், சரணாலயங்களுக்குப் போவது பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி, 'புலி தெரியுமா?' என்ற ஒரே கேள்விதான். அதற்கும் பதில் உண்டு, ஆனால் முதலில் குளத்துக்குப் போவோம்.

கேள்வி: போன வருஷம் செப்டம்பரில் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கூந்தன்குளம் போனோம். வறண்ட குளத்தில் ஆடு மேய்ந்ததுதான் மிச்சம். பறவைகளே வருவதில்லையா, நாங்கள் போன நேரம் தப்பா? – பெருமாள்புரம் வாசகர்

நேரம்தான் தப்பு. கூந்தன்குளமும் அதை ஒட்டிய காடன்குளமும் பாசனக் குளங்கள். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. மொத்தப் பரப்பு 129 ஹெக்டேர்தான். மணிமுத்தாற்றுக் கால்வாய்த் தண்ணீரும் ஐப்பசி, கார்த்திகை மழையும் சேர்ந்து குளம் பெருகிய பிறகே பறவைகள் கூடு கட்டத் தொடங்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை போனால் ஏமாற மாட்டீர்கள். ஆவணி, புரட்டாசியில் குஞ்சுகள் பறந்து போயிருக்கும், குளமும் காய்ந்திருக்கும்.

தண்ணீருக்கும் கூட்டுக்கும் உள்ள கணக்கைத் தெரிந்துகொண்டால் எந்த வருஷம் போகலாம், எந்த வருஷம் வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடலாம். சங்குவளை நாரை (மஞ்சள் மூக்கு நாரை என்பதும் இதுதான்) முட்டையிட்டு ஒரு மாதம் அடைகாக்கும். பொரித்த குஞ்சு பறக்க இன்னும் இரண்டு மாதம் ஆகும். இந்த மூன்று மாதமும் கூடு கட்டிய கருவேல மரத்தடியில் தண்ணீர் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் காட்டுப்பூனையும் நரியும் மரத்தை நெருங்காமல் காக்கும் அகழி. பக்கத்திலேயே மீன் கிடைக்கவும் அதே தண்ணீர்தான் வேண்டும். தை பிறந்தும் குளம் பாதிதான் பெருகியிருக்கிறது என்றால் அந்த வருஷம் நாரைகள் குறைவாகவே தங்கும். புறப்படும் முன் மூலைக்கரைப்பட்டிப் பக்கம் தெரிந்தவர் யாரிடமாவது 'குளத்துல தண்ணி எவ்வளவு கெடக்கு?' என்று கேட்டுவிடுங்கள். அதைவிட நல்ல முன்னறிவிப்பு கிடையாது.

நெல்லையிலிருந்து 35 கி.மீ. சொச்சம். பாளையங்கோட்டை, மூலைக்கரைப்பட்டி வழியாகப் போங்கள். காலை ஆறரைக்குள் கரையில் நிற்க வேண்டும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி இடம் பாருங்கள். சூரியனைப் பார்த்து நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பாகவே தெரியும், பூநாரை எது, கொக்கு எது என்று பிள்ளைகளுக்குச் சொல்லவே முடியாது. உயரக் கோபுரம் இருக்கிறது, ஏறிப் பாருங்கள். ஆனால் அதிலேயே நின்றுவிட்டுத் திரும்பாதீர்கள். ஊருக்குள் வீட்டு முற்றத்து வேம்பிலும் புளியிலும் கூடுகள் இருக்கும். பத்தடி உயரத்தில் ஒரு நாரைக் குடும்பத்தைப் பைனாகுலர் இல்லாமலே பார்க்கலாம்.

அப்படி ஒரு கூட்டைப் பதினைந்து நிமிடம் விடாமல் பாருங்கள். வெயில் ஏறியதும் தாய் நாரை சூரியனுக்கு முதுகு காட்டி, இரண்டு இறக்கையையும் அரைவட்டமாக விரித்துக் குஞ்சுகளுக்குக் குடை பிடிக்கும். இன்னொன்று குளத்திலிருந்து அலகில் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சுகள்மேல் வடிய விடும். குஞ்சுகள்தான் கத்தும், பெரிய நாரைகளுக்குக் குரல் கிடையாது என்றே சொல்லலாம். அலகைத் தட்டிச் சத்தம் எழுப்புவதோடு சரி. இரை தேடும்போது அலகைச் சற்றே திறந்து தண்ணீருக்குள் இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடக்கும். மீன் பட்ட கணம் மூடிக்கொள்ளும். கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை, தொடு உணர்வுதான். அதனால்தான் கலங்கிய தண்ணீரிலும் அதற்குப் பசி தீர்கிறது.

குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகளும் வரும். வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடு. இமயமலையைத் தாண்டி வருபவை. பகலில் குளத்தில் ஓய்வு, இருட்டியதும் அறுத்த வயலில் மேய்ச்சல். எதன் கழுத்திலாவது எண்ணெழுதிய வண்ணப் பட்டை தெரிந்தால் நிறம், எண், தேதி மூன்றையும் குறித்து அங்குள்ள வனத்துறை ஊழியரிடம் கொடுங்கள். எந்த நாட்டில் மாட்டிய பட்டை என்று தேடிக் கண்டுபிடிக்க அது போதும்.

இந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. நீங்களும் கார் ஹாரனை மூலைக்கரைப்பட்டியோடு மறந்துவிடுங்கள்.

கேள்வி: பைனாகுலர் வாங்கலாம் என்றிருக்கிறேன். கடையில் 20 மடங்கு, 30 மடங்கு என்று காட்டுகிறார்கள். எது நல்லது? ஏற்கெனவே இரவல் வாங்கிய ஒன்றில் பார்த்தால் தலை வலிக்கிறது. – ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர், வீரவநல்லூர்

20 மடங்கு உங்கள் கை நடுக்கத்தையும் 20 மடங்காக்கும். தாங்கி இல்லாமல் அதில் ஒன்றும் பார்க்க முடியாது. 8 x 42 என்று எழுதியதை வாங்குங்கள். 8 என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 42ஐ எட்டால் வகுத்தால் ஐந்து சொச்சம் வரும். கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. விடியற்காலையிலும் மர நிழலிலும் கண்மணி விரிந்திருக்கும், அதற்கு இந்த அகலம் பொருந்தும். 10 x 25 போன்ற சட்டைப்பை மாடல்களில் இது இரண்டரைதான், காட்டுக்குள் இருட்டாகத் தெரியும். சக்கரத்தைத் திருப்பி 10இலிருந்து 30 வரை கூட்டலாம் என்று விற்கும் மலிவான ஜூம் பைனாகுலர் பக்கமே போக வேண்டாம்.

தலைவலிக்கு வருவோம். பெரும்பாலும் பைனாகுலரைக் கண்ணுக்கேற்பத் திருத்தாமல் பார்ப்பதால் வருவது. இப்படிச் செய்யுங்கள். முதலில் இரு குழலையும் மடக்கி, இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகச் சேரும்படி வையுங்கள். வலது கண்ணை மூடி, 30 அடி தூரத்தில் உள்ள கடைப் பலகை எழுத்து ஒன்றை இடது கண்ணால் பார்த்து, நடுச் சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். அடுத்து இடது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது கண்வில்லை அடியில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். வளையம் நின்ற இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். அதன்பின் நடுச் சக்கரம் மட்டும் போதும். மூக்குக் கண்ணாடி போடுகிறவரானால் கண்வில்லையின் ரப்பர் மூடியை உள்ளே தள்ளிவிட்டுப் பாருங்கள். வெளியே இழுத்து வைத்தால் குழாய்க்குள் எட்டிப் பார்ப்பதுபோல் சின்ன வட்டம்தான் கிடைக்கும்.

பறவையைத் தேடுவதிலும் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு தேடாதீர்கள். வெறும் கண்ணால் பறவையைப் பார்த்து, பார்வையை அசைக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். பத்து முறை வீட்டு மாடியில் காக்கையை வைத்துப் பழகினால் போதும்.

கேள்வி: மான் பார்க்க வல்லநாடு போவதா, கங்கைகொண்டானா? இரண்டும் ஒன்றா? – தச்சநல்லூர் வாசகி

இரண்டும் வேறு, மானும் வேறு. கங்கைகொண்டானில் இருப்பது புள்ளிமான். மதுரைச் சாலையில், 288 ஹெக்டேர், 2013இல் சரணாலயமாக அறிவித்தார்கள். வல்லநாட்டில் இருப்பது வெளிமான். தூத்துக்குடிச் சாலையில், 16 சதுர கி.மீ. சொச்சம் பரப்புள்ள குன்றும் முள்காடும், 1987 முதல் சரணாலயம். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இடம் அதுதான்.

கொம்பைப் பார்த்தால் குழப்பமே வராது. புள்ளிமான் கொம்பு கிளை பிரியும், ஆண்டுக்கொரு முறை உதிர்ந்து முளைக்கும். வெளிமான் கொம்பு முறுக்கிய கயிறுபோல் திருகிக்கொண்டே மேலே போகும், கிளையும் இல்லை, உதிர்வதும் இல்லை. முதிர்ந்த கிடாயின் முதுகு கருத்திருக்கும், வயிறு வெள்ளை. பெட்டையும் குட்டியும் மண்ணிறம், உடைமரத்து நிழலில் நின்றால் அசையும் வரை கண்ணுக்குப் படாது.

வல்லநாட்டில் ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் பதினொரு மணிக்குப் போகிறவர்கள். காலை ஆறு முதல் எட்டு, மாலை நாலரைக்குப் பின், அவ்வளவுதான் மானின் நேரம். நடுப்பகலில் படுத்துவிடும். குன்றைப் பார்க்காதீர்கள், அடிவாரத்துத் திறந்த வெளியைப் பாருங்கள். வெட்டவெளியில் ஓடித் தப்பும் பிராணி அது, அடர்ந்த புதருக்குள் தங்காது. ஒரே இடத்தில் குவியலாகப் புழுக்கை கிடந்தால் அது கிடாய் தன் எல்லையைக் குறித்த இடம். சற்றுத் தள்ளி அரைமணி நேரம் காத்திருந்தால் திரும்பி வர வாய்ப்பு அதிகம். இரண்டு சரணாலயத்துக்கும் முன்கூட்டியே வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போங்கள். அனுமதியில்லாமல் சரணாலயத்துக்குள் நுழைவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வேலியில் இடைவெளி தெரிகிறதே என்று நுழைந்தவர்கள் அபராதம் கட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: முண்டந்துறையில் புலி தெரியுமா? – பலர்

தெரியாது என்றே வைத்துக்கொண்டு போங்கள்.

களக்காடு முண்டந்துறை தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். 1962இல் வந்த முண்டந்துறைச் சரணாலயத்தையும் 1976இல் வந்த களக்காடு சரணாலயத்தையும் இணைத்து 1988இல் உருவானது. பரப்பு 895 சதுர கி.மீ. நிறைய இடம் அடர்ந்த காடு. அதில் பத்தடிக்கு மேல் பார்வை போகாது. மான் கூட்டங்கள் மேயும் புல்வெளிக் காடல்ல, ஆகவே புலியின் எண்ணிக்கையும் சதுர கிலோமீட்டருக்குக் குறைவு. புலியைப் பார்க்காவிட்டாலும் அதன் கையெழுத்தைப் பார்க்கலாம். மழை விட்ட மறுநாள் சாலையோர ஈரமண்ணில் தடம் தெரிந்தால் இறங்காமல், வண்டியிலிருந்தே பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பூனைக் குலத்துத் தடத்தில் நகம் பதியாது. நகம் பதிந்தால் நாய் அல்லது செந்நாய். உள்ளங்கை அகலத்துக்கு மேல் பெரிதாக இருந்தால் புலி, அதில் பாதியானால் சிறுத்தை. மனிதன் வெறுங்காலோடு நடந்த மாதிரி நீளப் பாதமும் முன்னால் நீண்ட நகக்கோடுகளும் தெரிந்தால் கரடியின் பின்னங்கால்.

புலியைவிட இங்கே பார்க்க வேண்டியது இரண்டு மந்திகள். கருமந்தி (கருங்குரங்கு என்பதும் இதுதான்) சாலையோரமே தெரியும்: உடல் பளபளக்கும் கறுப்பு, தலை மட்டும் பழுப்பு, நீள வால். சோலைமந்தியைப் பார்க்க மேலே, வெடிப்பலா மரங்கள் உள்ள காட்டுக்குப் போக வேண்டும். முகத்தைச் சுற்றி வெள்ளி நிறப் பிடரி, வால் நுனியில் சிங்கத்துக்குப்போல் குஞ்சம். (கருங்குரங்கு லேகியம் எங்கே கிடைக்கும் என்று எழுதிக் கேட்ட பெரியவருக்கு: கிடைத்தால் விற்றவர், வாங்கியவர் இருவருக்கும் சிறை. ஆஸ்துமாவுக்கு அரசு மருத்துவமனையில் இலவசமாகவே மருந்து தருகிறார்கள்.)

கேள்வி: பாபநாசம் செக்போஸ்ட்டில் பையைக் கொட்டிக் காட்டச் சொல்கிறார்கள். எதைக் கொண்டுபோகலாம், எதைக் கூடாது? – டவுண் வாசகர்

அவர்கள் வாங்கி வைத்துக்கொள்வது சாராயம், பிளாஸ்டிக் பை, தூக்கி எறியும் தட்டு, டம்ளர், சோப்பு, ஷாம்பு பாக்கெட். ஒரு தடவை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுக்கவே தடை, காட்டில் கொஞ்சம் கறாராகப் பார்ப்பார்கள். அகஸ்தியர் அருவியில் சோப்பு கூடாது என்பதற்குக் காரணம் எளிது: அந்தத் தண்ணீர்தான் கீழே அம்பையும் நெல்லையும் தூத்துக்குடியும் குடிப்பது. ஷாம்பு நுரை பட்ட பாறையில் அடுத்து வருபவர் வழுக்கி விழுவதும் உண்டு.

கொண்டுபோகலாம் என்பவை: எவர்சில்வர் தூக்குச் சட்டியில் புளியோதரை, வாழையிலை, செம்பு அல்லது எவர்சில்வர் தண்ணீர்க் குடுவை, துணிப்பை, மாற்றுத் துணி. கட்டணத்துக்குச் சில்லறையாகப் பணம். உள்ளே செல்போன் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், ஸ்கேன் செய்து கட்டிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள்.

சாப்பாட்டுப் பையைக் கையில் தொங்கவிடாமல் முதுகில் மாட்டுங்கள். அருவிப் பக்கத்து நாட்டுக் குரங்குகளுக்குப் பை சரசரக்கும் சத்தமே அழைப்பு மணி. அல்வாப் பெட்டியைக் கொடுத்துப் படம் எடுக்கிறவர்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு முறை மனிதக் கையிலிருந்து தின்ற குரங்கு, அடுத்த கை எதையும் நீட்டாவிட்டால் கடிக்கும். குட்டிகளோடு சாலையில் வந்து உட்காரும், வண்டியில் அடிபடும். குரங்கு கடித்தாலும் நகம் கீறினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டும். பல்லைக் காட்டினால் சிரிக்கிறது என்று நினைக்காதீர்கள், அது மிரட்டல் அல்லது பயம். நீங்கள் பதிலுக்குச் சிரித்தால் அதுவும் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: தர்ப்பணம் முடிந்ததும் உடுத்திய துணியை ஆற்றில் விட வேண்டும் என்று அம்மா சொல்கிறாள். விட்டால் தப்பா? – மேலப்பாளையம்

துணியை ஆற்றில் விட்டால் அது போவதில்லை. பாபநாசம் படித்துறையில் பாறை இடுக்கில் சிக்கிக்கொள்ளும். இப்போதைய துணி பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்தது, மக்காது. குளிக்கிறவர் காலில் சுற்றி ஆளை இழுத்ததும் உண்டு. உடுத்திய துணியைப் பிழிந்து, கரையில் அதற்கென்று இடம் ஒதுக்கியிருந்தால் அங்கே போடுங்கள், இல்லையென்றால் வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்து யாருக்காவது கொடுங்கள். தானமும் சடங்கின் பகுதிதானே என்று அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், ஒத்துக்கொள்வார்கள்.

கேள்வி: மாஞ்சோலைப் பக்கம் போனால் அட்டை கடிக்குமாமே? உப்பு கொண்டுபோனால் போதுமா? – கல்லூரி மாணவர்கள், பாளையங்கோட்டை

மாஞ்சோலை சாலைக்கு வனத்துறை அனுமதி வேண்டும், அதை முதலில் பாருங்கள். நாலுமுக்கு, ஊத்துப் பக்கம் தமிழ்நாட்டிலேயே மழை மிகுந்த இடங்கள். ஆனி முதல் மார்கழி வரை அட்டை இருக்கும், ஈர இலைச்சருகில் தலையை ஆட்டிக்கொண்டு காத்திருக்கும்.

உப்பைக் கடித்த அட்டைமேல் போடாதீர்கள். தீக்குச்சியால் சுடாதீர்கள். இரண்டிலும் அது குடித்த ரத்தத்தையும் வயிற்றில் இருந்ததையும் காயத்துக்குள் கக்கிவிட்டு விழும், காயம் சீழ் பிடிக்கும். அட்டையின் மெல்லிய முனைதான் வாய். அந்த முனையில் தோலை ஒட்டி நகத்தை வைத்துத் தள்ளுங்கள், ஒட்டு விடும். பிறகு தடித்த முனையையும் அப்படியே. ரத்தம் உடனே நிற்காது. உறையவிடாமல் தடுக்கும் ஒரு பொருளை அட்டை செலுத்தியிருக்கிறது, ஒரு மணி நேரம்கூடக் கசியலாம். கழுவி, சுத்தத் துணியால் பத்து நிமிடம் அழுத்துங்கள், பயப்பட ஒன்றுமில்லை. சர்க்கரை நோய்க்காரர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மட்டும் போகும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

உப்புக்கு வேறு வேலை உண்டு. கால்சட்டை நுனியை நீளமான காலுறைக்குள் செருகி, காலுறையின்மேல் உப்புநீரில் நனைத்த துணியையோ புகையிலைத் தூள் தடவிய துணியையோ கட்டினால் ஏறாது. மழையில் கரைந்துபோகும், இரண்டு மணிக்கொரு முறை மாற்றுங்கள். அரைக்கால் சட்டையும் செருப்பும் போட்டுவந்த நண்பரைப் பின்னால் நடக்க விடாதீர்கள். முன்னால் போகிறவர் அட்டையை எழுப்பிவிடுவார், பின்னால் வருகிறவருக்குத்தான் கடி.

திரும்பிவந்து ஒரு வாரம், பத்து நாளுக்குப் பின் காய்ச்சல் வந்தால் இடுப்பு, அக்குள், முழங்கால் பின்புறம் எங்காவது சிகரெட் சுட்டதுபோல் கறுப்பான பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மருத்துவரிடம் 'காட்டுக்குப் போனேன்' என்று சொல்லிக் காட்டுங்கள். சிறு பூச்சிக் கடியால் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலின் அடையாளம் அது. சீக்கிரம் கண்டால் சாதாரண மாத்திரையில் தீரும்.

கேள்வி: திருக்குறுங்குடி மலை நம்பி கோயிலுக்கு அதிகாலையில் நடந்து போவது வழக்கம். கரடி வந்தால் மரத்தில் ஏறலாமா? – ஏர்வாடி வாசகர்

கரடி உங்களைவிட வேகமாக ஏறும்.

விடியும் முன் நடப்பதை விட்டுவிடுங்கள், அதுவே பாதிப் பாதுகாப்பு. கரடிக்குக் கண் மங்கல், மூக்கு கூர்மை. காற்று எதிர்த்திசையில் அடித்தால் அதற்கு உங்கள் வாசனை தெரியாது, நீங்கள் பக்கத்தில் வந்த பிறகே தெரியும். திடுக்கிட்டால்தான் அது தாக்கும். ஆகவே நாலு பேராகச் சேர்ந்து பேசிக்கொண்டே நடங்கள். வளைவு வரும் முன் கைதட்டுங்கள். புற்றை உடைத்துக் கரையான் உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது அதற்குச் சுற்றிலும் ஒன்றும் கேட்காது. 'புஸ் புஸ்' என்று உறிஞ்சும் சத்தம் புதருக்குள் கேட்டால் அங்கேயே நில்லுங்கள். தூரத்தில் பார்த்தால் முகத்தைத் திருப்பாமல் பின்னால் நகருங்கள், ஓட வேண்டாம். முதுகில் குட்டி ஏறியிருந்தால் இருமடங்கு தூரம் விடுங்கள். பாய்ந்துவிட்டால் குப்புறப் படுத்து, இரண்டு கையையும் பிடரியில் கோத்துக்கொள்ளுங்கள். அது முதலில் முகத்தைத்தான் நோக்கும்.

நாவல், பனம்பழம் பழுக்கும் காலத்தில் அடிவாரத் தோட்டங்களுக்கே இறங்கும். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கூட்டம் அதிகம், கரடி குறைவு.

கேள்வி: எட்டாம் வகுப்பு மாணவர் 40 பேரைக் குளத்துக்கோ காட்டுக்கோ கூட்டிப் போக வேண்டும். சுற்றுலா மாதிரி ஆகிவிடாமல் எப்படி நடத்துவது? – ஆசிரியை, சேரன்மகாதேவி

இடம்: கூந்தன்குளம் அல்லது உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் திருப்புடைமருதூர். தாமிரபரணியும் கடனாநதியும் கூடும் இடத்தில் கோயில் ஓரத்து மருத மரங்களில் பறவைகள் அடையும். 2005இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்ட இடம், ஊர்மக்களும் சேர்ந்து காக்கிறார்கள். பரப்பு மூன்று ஹெக்டேர்கூட இல்லை. 40 பிள்ளைகளைக் கண்ணில் வைத்துக்கொள்ள அதுவே வசதி.

கடிதம்: இரண்டு வாரம் முன்பே வனச்சரக அலுவலருக்கு. மாணவர் எண்ணிக்கை, தேதி, நேரம், வண்டி எண், உடன்வரும் ஆசிரியர் பெயர். கழிப்பறை உண்டா, மாணவியருக்கு ஏற்றதா என்பதை நேரில் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இதை விட்டுவிட்டு வந்த பள்ளிகள் பத்து மணிக்கே திரும்பியதுண்டு.

பிரிவு: எட்டுப் பேர் ஒரு குழு, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெரியவர், ஆக ஐந்து. தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர், 45 பேருக்கு ஏறக்குறைய 70 லிட்டர், 20 லிட்டர் கேன் நான்கு. ஒவ்வொருவரும் ஒரு எவர்சில்வர் டம்ளர். உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் பத்து. வெள்ளைச் சட்டைச் சீருடை வேண்டாம், பச்சை, காக்கி, சாம்பல் நிறத்தில் வரச் சொல்லுங்கள். வெள்ளை அசைந்தால் நாரை முதலில் எழும்.

வேலை கொடுங்கள், சுற்றுலா ஆகாது. முதல் வேலை, பத்து நிமிட மௌனம். கண்ணை மூடி, கேட்கும் ஒவ்வொரு புதுச் சத்தத்துக்கும் ஒரு விரல் மடக்க வேண்டும். முதல் மூன்று நிமிடம் சிரிப்புத்தான் கேட்கும், ஆறாவது நிமிடத்திலிருந்து உண்மையான வேலை நடக்கும். ஐந்தே நிமிடத்தில் முடித்துவிடாதீர்கள். இரண்டாவது, நாலு மீட்டர் கயிறும் நாலு குச்சியும் கொண்டு ஒரு சதுர மீட்டர் கட்டி, அதற்குள் எத்தனை வகை இலை, எத்தனை வகை எறும்பு, யாருடைய எச்சம் என்று எண்ணுவது. மூன்றாவது, பறவைக் கணக்கு. பெரிய கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணினால் பாதியில் பறந்துவிடும். பத்து வரை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்துக்கொண்டு, அதே அளவுத் துண்டுகளாகக் கூட்டம் முழுவதையும் எண்ண வேண்டும். இரண்டு குழு தனித்தனியாக எண்ணி ஒப்பிட்டால் பிழை எவ்வளவு என்பதும் தெரியும். தாமிரபரணிப் படுகைக் குளங்களில் ஜனவரிதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. நன்றாக எண்ணப் பழகிய பிள்ளைகளை அதற்கு அனுப்பலாம்.

கேள்வி: மணிமுத்தாறு அருவிக்குப் போனால் 'வெள்ளம், இன்று அனுமதியில்லை' என்று திருப்பிவிடுகிறார்கள். ஊரில் வெயில் கொளுத்துகிறது! – பேட்டை வாசகர்

ஊர் வெயிலுக்கும் மலை மழைக்கும் சம்பந்தமில்லை. அருவித் தண்ணீர் மேலே மலையில் பெய்த மழை, அது இறங்கிவரச் சில மணி நேரம் ஆகும். அனுமதி இருக்கும் நாளிலும் மூன்று அடையாளம் பாருங்கள். தெளிந்த தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாவது. இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருவது. அருவியின் சத்தம் கனத்து, பேச்சுக் கேட்காமல் போவது. ஒன்று தெரிந்தாலும் துணியைத் தேடாமல் மேட்டுக்கு ஏறுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் புறப்படும் முன் அம்பை வனச்சரகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பொதிகை உச்சிக்கு நம் பக்கமிருந்து வழி உண்டா? – கடையம்

பொதுமக்களுக்கு இல்லை. கேரள வனத்துறை ஆண்டுதோறும் ஜனவரி தொடங்கிச் சில வாரங்களுக்கு போனக்காடு வழியாக அனுமதிச் சீட்டு கொடுத்து விடுகிறது. உச்சி 1,868 மீட்டர். மூட்டு வலியுள்ளவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்.

கேள்வி: காற்றில் கூடு சரிந்து நாரைக் குஞ்சு ஒன்று முற்றத்தில் விழுந்துவிட்டது. வளர்க்கலாமா? – நான்குநேரி வட்டாரம்

வளர்க்கக் கூடாது, சட்டமும் இடம் கொடுக்காது. ஒரு அட்டைப்பெட்டியில் காற்றுத் துளை போட்டு, அடியில் சாக்கு விரித்து, நிழலில் வையுங்கள். தூக்கும்போது அலகின் நுனி உங்கள் கண்ணுக்கு நேரே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், பயத்தில் குத்தும். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். நாக்குக்கு அடியிலேயே மூச்சுக்குழல் வாய் இருக்கிறது, தண்ணீர் அதற்குள் போனால் அன்றே செத்துவிடும். சோறு, பால், ரொட்டி எதுவும் வேண்டாம். வனத்துறைக்குச் சொல்லுங்கள். கூந்தன்குளத்தில் இப்படி விழுந்த குஞ்சுகளைச் சிறு மீன் கொடுத்து, பறக்கும் வரை பார்த்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. குஞ்சு உடல் நனைந்து நடுங்கினால் மட்டும், வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு மூலையில் வையுங்கள். ஒரு மூலையில் மட்டும், சூடு அதிகமானால் அது மறுமூலைக்கு நகர்ந்துகொள்ளும்.